ரொமான்டிக் கவிதைகளில் குழந்தை: கேள்வி பதில்

கேள்வி: உணர்ச்சியையும் கற்பனையையும் முதன்மையாக்கிய பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் போன்ற ஆங்கில ரொமான்டிக் கவிஞர்களுக்கு முன்னால் குழந்தையை யாருமே பாடவில்லையா?

பதில்: பாடினார்கள். ஆனால் இங்கிலாந்தில் சிறுவர் பாடல் என்றால் பெரும்பாலும் புத்திமதிதான்: சோம்பி இராதே, பொய் சொல்லாதே, நரகத்துக்குப் போவாய். பிறக்கும்போது குழந்தை நல்லதாகவே பிறக்கிறது என்று தத்துவஞானி ரூசோ, குழந்தை வளர்ப்பைப் பற்றிய 'எமீல்' நூலில் 1762இல் வாதிட்டார். அந்தக் காற்று இங்கிலாந்துக் கவிஞர்கள் பக்கமும் வீசியது.

கேள்வி: பிளேக்கின் 'கள்ளமின்மைப் பாடல்கள்' எனக்குக் கொஞ்சம் திகட்டுகிறது. ஆட்டுக்குட்டி, தேவதை, புல்வெளி...

பதில்: அதிலேயே இருக்கும் புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பாடலைப் படித்துப் பாருங்கள். 1789இல் வந்த தொகுப்பு. தாய் இறந்துவிட்டாள். பேச்சுக்கூடச் சரியாக வராத வயதில் தகப்பன் அவனை விற்றுவிடுகிறான். அவனுடைய தோழன் டாம், தலையை மழிக்கும்போது அழுகிறான். 'அழாதே, மொட்டைத் தலை என்றால் உன் வெள்ளை முடியைக் கரி கெடுக்க முடியாதே' என்று இவன் தேற்றுகிறான். அன்றிரவு டாமின் கனவில், கருப்புச் சவப்பெட்டிகளில் அடைபட்ட சிறுவர்களை ஒரு தேவதை திறந்துவிடுகிறது. மறுநாள் விடியும் முன் இருட்டிலேயே எழுந்து, பையும் துடைப்பமுமாக வேலைக்குப் போகிறார்கள். பையன் குறை சொல்வதே இல்லை. படிக்கிற நமக்குத்தான் கோபம் வருகிறது. எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்று 1788இலேயே சட்டம் வந்திருந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. 1794இல் பிளேக் இதே தலைப்பில் இன்னொரு கவிதை சேர்த்தார். அதில் வரும் சிறுவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், திகட்டல் போய்விடும்.

கேள்வி: வேர்ட்ஸ்வொர்த்தின் 'நாங்கள் எழுவர்' கவிதையில் வரும் சிறுமிக்கு மரணம் என்றால் என்னவென்றே தெரியாதா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு வயதுப் பெண். உடன்பிறந்தவர்களில் இருவர் கல்லறையில். 'அப்படியானால் நீங்கள் ஐவர்தானே?' என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். 'நாங்கள் எழுவர்' என்பதிலிருந்து அவள் மசியவில்லை. சகோதரி வலியில் முனகியதும், சகோதரன் போனதும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னுகிறாள், சாயங்காலம் கிண்ணத்தை எடுத்துப்போய் அங்கேயே சாப்பிடுகிறாள். அவள் கணக்கில் உறவு முடியவில்லை, அவ்வளவுதான். வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தாய் போனபோது வயது ஏழு, தந்தை போனபோது பதின்மூன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பெரியவரைவிடச் சிறுமியின் பக்கம்தான் கவிஞர் நிற்கிறார் என்று படும்.

கேள்வி: வேர்ட்ஸ்வொர்த் தம்முடைய 'அமரத்துவ' ஓட் (ode) என்ற நீண்ட கவிதையில் சின்னக் குழந்தையைத் 'தலைசிறந்த தத்துவஞானி' என்கிறாரே, மிகையில்லையா?

பதில்: இதே கேள்வியை அவருடைய நண்பர் கோல்ரிட்ஜே 1817இல் கேட்டார். 'அந்த வயதுப் பிள்ளை எந்த அர்த்தத்தில் ஞானி?' என்று. கோல்ரிட்ஜ் சொல்வது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கவிதையில் எனக்குப் பிடித்தது ஞானி பட்டம் அல்ல, முதல் சில பத்திகளில் வரும் இழப்பு. வானவில் வருகிறது போகிறது, ரோஜா அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சிறு வயதில் எல்லாவற்றின் மேலும் இருந்த ஒளியைக் காணோம். அது எங்கே போயிற்று என்று கேட்ட இடத்தில் 1802இல் கவிதை நின்றுவிட்டது. மீதியை எழுதி முடித்தது 1804இல்தான்.