பல்லைக் கடிக்காதீர்கள், பல்லைக் கூட்டுங்கள்
மிதிவண்டி கேள்வி–பதில்

கேள்வி: இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை பிராட்டோ பக்கமிருந்து ஏறத் திட்டம். என் எடை 70 கிலோ, எஃப்டிபி (ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க முடிகிற அதிகபட்ச சக்தி) 230 வாட். முன் பல்சக்கரத்தில் 34, பின் பல்சக்கரத்தில் 28 பல் போதுமா? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கணக்குப் போட்டுவிடுவோம். தூரம் சுமார் 24 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் 48. வண்டி, தண்ணீர், உடை எல்லாம் 10 கிலோ என்றால் மொத்தம் 80 கிலோவைத் தூக்குகிறீர்கள். எஃப்டிபியில் 80 சதவீதம், அதாவது 185 வாட்டில் மிதித்தால், சாலை உராய்வு, காற்று, செயின் எல்லாம் தின்றது போக 160 வாட் சொச்சம்தான் உயரத்துக்குப் போகும். ஏறி முடிக்க 2 மணி 25 நிமிடம் ஆகும். உச்சியை நெருங்கும்போது காற்றின் அழுத்தம் குறைந்து அதே வாட் கனக்கும். அதனால் இன்னும் 10 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

28 பல் போதாது. 10 சதவீதச் சரிவில் உங்கள் வேகம் மணிக்கு 7.6 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் முன்னே 34, பின்னே 28 போட்டால் பெடல் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் சுற்றும். முழங்காலும் இடுப்பும் முனகும். பின்னே 34 போட்டால் 60 சுற்று. முன்னே 30 பல் கிடைத்தால் 68. ‘பாட்டி கியர்’ என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும். 40வது வளைவில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்தை) மட்டும் 11–34 பல் உள்ளதாக மாற்றினால் சரியா?

பெரும்பாலும் சரிவராது. முதலில் டீரெயிலர், அதாவது பின்னே செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கை. முன்னே 50/34 (பெரிய சக்கரத்தில் 50 பல், சிறியதில் 34) என்றால் வித்தியாசம் 16, பின்னே 11–34 என்றால் 23. கூட்டினால் 39. அத்தனை பல் அளவுத் தளர்வை இழுத்துக்கொள்ளும் நீளக்கை டீரெயிலர் வேண்டும்.

அடுத்து செயின். டீரெயிலர் வழியாக விடாமல், முன்னே பெரிய பல்சக்கரம், பின்னே பெரிய பல்சக்கரம் இரண்டையும் நேரடியாகச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி மிச்சம் இருக்க வேண்டும். பழைய செயின் இதற்குக் குட்டையாகவே இருக்கும். அப்படியே ஓட்டி, களைப்பில் தவறிப்போய் பெரியது–பெரியது போட்டுவிட்டால் டீரெயிலரே பிய்ந்து வரும். கடைசியாக, 34இல் ஓடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் டீரெயிலரின் மேல் உருளை பல்லில் உரசுகிறது என்று அர்த்தம். அந்த உருளையைப் பல்லிலிருந்து விலக்கும் பி-ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் மேடே கிடையாது. எப்படிப் பயிற்சி செய்வது?

எதிர்காற்றும் வீட்டு ட்ரெய்னரும் (வண்டியைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) தான் உங்கள் மலை. சமதளத்தில் மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினாலும் வண்டி உருளும். ஏற்றத்தில் உடனே வேகம் செத்துவிடும். அந்த இடைவிடாத மிதிக்குக் காலைப் பழக்க வேண்டும்.

12 வாரம் ஒதுக்குங்கள். வாரம் இரு நாள், 90 சதவீத எஃப்டிபியில் 20 நிமிடம் வீதம் இரண்டு முறை, நடுவே 5 நிமிட ஓய்வு. பெடல் சுற்று நிமிடத்துக்கு 60 முதல் 70க்குள் இருக்கட்டும். நான்கு வாரம் கழித்து மூன்று முறை, பிறகு 30 நிமிடமாக இரண்டு முறை. ட்ரெய்னரில் முன்சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள். ஏற்றத்தில் உட்காரும் கோணம் இடுப்புக்குப் பழகும். வார இறுதியில் 4 மணி நேரம் மெதுவாக வண்டி ஓட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பலர் இதைத்தான் தவிர்ப்பார்கள், பிறகு கால் வலிக்கிறது என்று எழுதுவார்கள்.

எடையைக் குறைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 3 கிலோ குறைந்தால் இந்த ஏற்றத்தில் 5 நிமிடம் மிச்சம். கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் பட்டினி வேண்டாம்.

கேள்வி: முதல் அரை மணி பறக்கிறேன், பிறகு கால் கல்லாகிவிடுகிறது. ஏன்?

பறப்பதால்தான். முதல் 20 நிமிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போங்கள்; சும்மா போகிற மாதிரித் தோன்ற வேண்டும். இன்னொன்று சாப்பாடு. மேலே சொன்ன ஏற்றத்துக்கு ஏறத்தாழ 1,600 கிலோகலோரி செலவாகும். பசித்த பிறகு தின்றால் வயிறு ஒத்துழைக்காது. 20வது நிமிடத்திலிருந்தே, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தும் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் போகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பல் கனமாக்கிவிட்டு எழுந்து மிதியுங்கள், இடுப்பு விடுபடும்.

கேள்வி: இறங்கும்போது எதில் கவனம்?

குளிர். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 28 டிகிரி என்றால் மேலே 16தான், உடம்போ வியர்வையில் ஊறியிருக்கும். காற்று புகாத மேலுடையும் முழுவிரல் கையுறையும் பையில் இருக்கட்டும். விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்காதீர்கள். சக்கர வளையத்தையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.