சேடா என்று கையெழுத்திட்டவள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உணர்ச்சியே சட்டவிரோதமாகிவிட்ட நாட்டில் இருவர் காதலித்து மாட்டிக்கொள்ளும் உங்கள் கதையைப் படித்தேன். இரண்டு இடங்கள் உறுத்தின. யாரோ இரண்டு பேர் காதலிப்பதால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்? ஒழுங்காக வேலை செய்தால் போதாதா? அப்புறம், பிடிபட்டால் சாவு என்று தெரிந்த பெண் எதற்குக் கடிதம் எழுதுகிறாள்? கதை நகர்வதற்காக நீங்கள் செய்துகொண்ட வசதி என்றே பட்டது.

கே., மதுரை

அன்புள்ள கே.,

கதையில் ஊசி போட்டு மனதை மரத்துப்போகச் செய்கிறார்கள். அதை வசதி என்றால் ஒப்புக்கொள்கிறேன். கம்போடியாவில் ஊசியெல்லாம் தேவைப்படவில்லை.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை, தலைநகர் நாம் பென்னுக்குள் நுழைந்தது. சில நாட்களில் நகரமே காலி. எல்லாரையும் வயலுக்கு ஓட்டினார்கள். கணவன் ஒரு வேலைக்குழுவில், மனைவி வேறொன்றில், பிள்ளைகள் இன்னொன்றில். ஆட்சி தன்னை 'அங்கார்' என்று சொல்லிக்கொண்டது, அமைப்பு என்று அர்த்தம். ஒருவரையொருவர் 'மித்' என்று கூப்பிட வேண்டும், நம் மித்திரன்தான். செத்த உறவுக்காக அழுதால் அங்காரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். அனுமதியில்லாத காதல் ஒழுக்கக் குற்றம். அதற்காகக் கொல்லப்பட்டவர்கள் உண்டு.

கல்யாணம் மட்டும் நடந்தது. ஜோடி சேர்ப்பது அங்கார். முன்பின் பேசியிராதவர்களைக்கூட வரிசையாக உட்காரவைத்து, கையைப் பிடிக்கச் சொல்லி, ஒரே கூட்டத்தில் பல ஜோடிகளை முடித்துவிடுவார்கள். பிக்கு கிடையாது, மந்திரம் கிடையாது. அங்காருக்கு உறுதிமொழி, அவ்வளவுதான். அந்த ஊர்க் கிராம வீடுகள் கால் நட்டு உயர்த்திக் கட்டியவை. ராத்திரி அந்தத் தரைக்குக் கீழே, இருட்டில், உளவுபார்க்கும் ஆட்கள் நின்றுகொண்டு மேலே புதுத் தம்பதி சேர்ந்தார்களா என்று ஒட்டுக்கேட்டார்கள். சேராவிட்டால் விசாரணை, மிரட்டல். 2018 நவம்பரில் அந்த ஆட்சியின் தலைவர்களில் இருவரான நுவோன் சியாவும் கியூ சம்பானும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானபோது, மானுடத்துக்கு எதிரான குற்றங்களின் வரிசையில் இந்தக் கட்டாயக் கல்யாணங்களும் இருந்தன.

நஷ்டம் என்ன என்று கேட்டீர்கள். அங்காருக்கு உழைப்பு மட்டும் போதவில்லை. எதிரிமேல் வெறுப்பு, அங்கார்மேல் விசுவாசம் இரண்டும் கட்டாயம். ஒருத்தி ராத்திரியில் ஒருவனிடம் 'பசிக்கிறது' என்று முணுமுணுக்க, அவன் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால், அங்காருக்குத் தெரியாத ஒன்று ஊருக்குள் முளைத்துவிட்டது. காதலில் அவர்கள் பயந்தது இதற்குத்தான் என்பது என் எண்ணம். கதையில் இதை நான் சரியாகக் கொண்டுவரவில்லை.

இனி கடிதத்துக்கு வருகிறேன். ஹூத் பொஃபனா என்று ஒரு பெண். கெமர் மொழியில் பொஃபா என்றால் பூ. நம் புஷ்பம் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. கணவன் லீ சித்தா முன்பு பிக்கு, பிறகு கெமர் ரூஜில் சேர்ந்தவன். அவன் நாம் பென்னில், அவள் கிராமத்தில். பட்ட பாட்டையெல்லாம் அவனுக்கு எழுதினாள். அடியில் 'சேடா' என்று கையெழுத்திட்டாள். ராமாயணத்தின் கெமர் வடிவத்தில் சீதைக்கு அதுதான் பெயர். நமக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா என்ன?

1976-ல் இருவரும் பிடிபட்டு, பள்ளிக்கூடமாக இருந்து சிறையான துவோல் ஸ்லெங்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மாதக்கணக்கில் வாக்குமூலம் எழுதவைத்தார்கள். அமெரிக்க உளவாளி என்று அவள் கையாலேயே எழுதி வாங்கினார்கள். 1977 மார்ச்சில் இருவரையும் கொன்றார்கள்.

மாட்டிக்கொண்ட கடிதங்களை விசாரணைக்காரர்கள் சாட்சியமாகக் கோப்பில் சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1979 ஜனவரியில் சிறையை விட்டு ஓடும்போது அதையெல்லாம் அழிக்க அவகாசமில்லை. பிற்பாடு எலிசபெத் பெக்கர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்தக் கோப்பைப் படித்து, இவர்கள் கதையை எழுதினார். இன்று நாம் பென்னில் இருக்கும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகத்துக்குப் பெயர் பொஃபனா.

உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடிதம் அப்படியே இருக்கட்டும். ஊசியை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.