அமெரிக்காவில் ஃபெடரல் அரசின் (மத்திய அரசின்) அதிகாரம் இவ்வளவு வளர்ந்ததற்கு ரூஸ்வெல்ட்தான் காரணமா?

ஃபெடரல் அரசுக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்று 1791-லேயே அரசியல் சட்டத்தின் பத்தாவது திருத்தம் சொல்லிவிட்டது, அப்புறம் எப்படி எல்லாம் வாஷிங்டனிடம் போனது, 1933-ல் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பறித்துக்கொண்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் இதை அடித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார்.

அவர் ஒஹையோ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பேச்சு வந்தாலே ரோஸ்கோ ஃபில்பர்ன் வழக்கை எடுத்துவிடுவார். ஃபில்பர்னும் ஒஹையோ விவசாயிதான். கோதுமை விலை சரியாமல் இருக்க ரூஸ்வெல்ட் காலத்தில் 1938-ல் போட்ட சட்டப்படி அவருக்கு அனுமதி 11.1 ஏக்கர், விதைத்தது 23. கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (புஷல் என்பது தானிய அளவு) 117 டாலர் 11 சென்ட் அபராதம். தன் மாட்டுக்கும் வீட்டுக்கும்தான் அந்தக் கோதுமை என்றார். அவரைப் போல எல்லோரும் சந்தையில் வாங்காமல் விட்டால் நாடு முழுக்க விலை பாதிக்கும், எனவே இது அரசியல் சட்டம் ஃபெடரல் அரசின் கையில் கொடுத்த மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான் என்று 1942-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

இதைக் கேட்டு ஒரு விவசாயி மகனுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் வரலாற்றை 1933-ல் தொடங்குகிறாரே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. 1850-ஐ ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிக்க அந்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. வடக்கு மாநிலங்களின் சாதாரண மக்களும் ஃபெடரல் அதிகாரி கூப்பிட்டால் பிடித்துக்கொடுக்க உதவ வேண்டும். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லக்கூட முடியாது. திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. விஸ்கான்சின் நீதிமன்றம் இது செல்லாது என்றது. 1859-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மாநில உரிமை பேசிய, அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்கள்தான் இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கின. 1860-ல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோகும்போது தெற்கு கரோலினா வெளியிட்ட பிரகடனத்திலேயே, வடக்கு மாநிலங்கள் இதை நிறைவேற்றவில்லை என்ற புகார் இருக்கிறது.

பழைய கதை என்றார். சரி, 1957-க்கு வாருங்கள் என்றேன். அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய முடியாமல் ஆர்கன்சா ஆளுநர் தடுத்தார். ரூஸ்வெல்ட்டின் கட்சியே இல்லாத, குடியரசுக் கட்சிக்காரரான அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். 1964 சிவில் உரிமைச் சட்டப்படி அட்லாண்டா மோட்டல் ஒன்று கறுப்பினத்தவருக்கு அறை கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஃபில்பர்னைக் கட்டுப்படுத்திய அதே வணிக அதிகாரத்தால்தான். என் நிறத்தில் உள்ளவர்கள் இங்கே எந்த ஊரிலும் அறை எடுத்துத் தங்குகிறோம் என்றால் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

என்னை வாஷிங்டனின் வக்கீல் என்று யாரும் கமென்ட் போட வேண்டாம். 1913-ல் பதினாறாவது திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்த பிறகு, பணத்தைக் காட்டி மாநிலங்களை வளைப்பது சுலபமாகிவிட்டது. 1984-ல் மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் பிடித்தம் என்றார்கள். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த சட்டத்தை, இது வணிகமே இல்லை என்று 1995 லோபெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாநிலங்கள் கொடுக்கும் லைசென்ஸுக்கு ஃபெடரல் அரசு விதி வகுத்த 2005-ன் ரியல் ஐடி சட்டத்தால், என்னைப் போலத் தற்காலிகமாகத் தங்குபவர்களுக்குத் தங்கும் அனுமதி முடியும் தேதியிலேயே அந்த விதிப்படியான டிரைவிங் லைசென்ஸும் முடிகிறது. அனுமதி நீட்டிப்புக்குக் காத்திருந்த நாட்களில் மாநில லைசென்ஸ் அலுவலகக் கவுண்டரில் இருந்தவர், ஃபெடரல் விதி, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஃபெடரல் உதவி எண்ணில், லைசென்ஸ் மாநில விஷயம் என்றார்கள். பேருந்தே இல்லாத ஊரில் கார் ஓட்டாமல் எப்படி வேலைக்குப் போவது என்பதற்கு இரண்டு பக்கமும் பதில் இல்லை.