க்ரைம் நாவலில் சண்டையும் போலீஸ் விசாரணையும் நம்பும்படி எழுதுவது எப்படி?

உங்கள் நாவல் தருமபுரியில் நடக்கிறது, நாயகன் ஒரு இன்ஸ்பெக்டர், 'கமிஷனர் போன் செய்தார்' என்று முதல் அத்தியாயம் தொடங்குகிறது என்று கேள்வியின் விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்தக் கமிஷனரை எடுத்துவிடுங்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போலீஸ் கமிஷனர் கிடையாது, எஸ்.பி.தான். அவருக்கு மேல் சேலத்தில் டி.ஐ.ஜி., அதற்கும் மேல் கோவையில் ஐ.ஜி. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனதால் அங்கே ஒரு கமிஷனர் இருக்கிறார். ஆனால் அவர் குப்பை வண்டிக்கும் வீட்டு வரிக்கும் கமிஷனர். கொலைக் கேஸுக்கு அவரைக் கூப்பிட்டால் பாவம், என்ன செய்வார்?

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதுகிறீர்கள், தொப்பூர் கணவாயை பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் கோபப்பட வேண்டாம். நான் தருமபுரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் இல்லை, இதைப் பெரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். கமெண்டில் வந்து செக்‌ஷன் நம்பரைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் எங்கள் சீனியரிடம் பேசிக்கொள்ளட்டும். ஆனால் அடிதடி கேஸ் கட்டுகளைப் பிரித்து, அடுக்கி, நூல் போட்டுக் கட்டுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி கொஞ்சம் உண்டு.

சண்டையில் இருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். பங்காளிகள் இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு, சொட்டுநீர்க் குழாயை எவன் மிதித்தான் என்பதில் முற்றிவிட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன். அரை மணி நேரம் வாய்ச்சண்டைதான். பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினை வரைக்கும் போய்த் திரும்பியது. அப்புறம் யாரோ யார் அம்மாவையோ இழுத்தார்கள். கைகலப்பு என்று பார்த்தால், சேற்றில் சிக்கிய என் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு நான் போவதற்குள் முடிந்துவிட்டது. ஒருத்தர் அவிழ்ந்த லுங்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் அடித்தார். பாதி அடி காற்றில் போனது. இன்னொருத்தர் தக்காளிச் செடிக்கு நட்டிருந்த கொம்பைப் பிடுங்கி ஓங்கினார். தலையில் பட்டுத் தெறித்து, தோளில் விழுந்து இரண்டாக முறிந்தது. தலைக் காயம் சின்னதுதான், ஆனால் மண்டைத் தோலில் ரத்தம் எப்படிக் கொட்டும் தெரியுமா? சட்டைக் காலர் நனைந்து முதுகு வரைக்கும் இறங்கிவிட்டது. குத்தினவருக்கோ சுண்டு விரல் மொளி வீங்கிக் கையை மடக்க முடியவில்லை. உண்மைச் சண்டையில் அடிக்கிறவன் கை எலும்புதான் பல சமயம் முதலில் போகும். உங்கள் நாயகன் பத்துப் பேர் தாடையில் குத்திவிட்டு அடுத்த காட்சியில் டீ கிளாஸைத் தூக்குகிறான் என்றால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

எனக்கு மறக்காதது அதற்கப்புறம் நடந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அதே வரப்பில் பத்தடி தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டி ஒரே சொம்பில் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தது. இருவரும் வாங்கிக் குடித்தார்கள்.

சரி, சண்டை முடிந்தது. க்ரைம் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. நடந்த சண்டை ஒன்று, காகிதத்தில் ஏறும் சண்டை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை எழுதத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தலையில் அடிபட்டவரோடு தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நானும் 108-ல் போனேன். கேஷுவாலிட்டியில் டாக்டர் தையல் போட்டுக்கொண்டே மூன்று கேள்வி கேட்டார்: யார் அடிச்சது, எத்தனை பேர், எதால அடிச்சாங்க? பக்கத்தில் நின்ற மச்சினன் காதுக்குள், "ஏழு பேர்னு சொல்லு மாமா, ராடுன்னு சொல்லு" என்றான். இவர் வலியில் நிஜத்தைச் சொல்லிவிட்டார். தெரிந்த நபர் ஒருவர், மரக்குச்சி. டாக்டர் அதை அப்படியே ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் எழுதினார். அதைத்தான் கோர்ட்டில் ஏ.ஆர். காப்பி என்போம். மறுநாள் மச்சினன் சொல்லச் சொல்ல எழுதின புகாரில் ஏழு பேர், இரும்பு ராடு, கொலை மிரட்டல் எல்லாம் வந்துவிட்டது. அந்த ஏழில் ஒருத்தர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, ஓசூரில் கம்பெனி ஷிப்டில் இருந்தார். எதிர்த்தரப்பும் சும்மா இருக்குமா? நெஞ்சு வலி என்று அதே ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி ஒரு புகார் கொடுத்தது. அட்மிஷன் போட்டால்தான் கேஸ் நிற்கும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேஸும் கவுண்டர் கேஸும் ஒரே அதிகாரியிடம் போக வேண்டும். இரண்டையும் விசாரித்து எந்தப் பக்கம் முதலில் கை ஓங்கியது என்று அவர் முடிவுக்கு வர வேண்டும். (இரண்டு பேரும் வேண்டியவர்கள் என்பதால் எங்கள் ஆபீஸ் அந்தக் கட்டைத் தொடவே இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.)

இதில் இன்ஸ்பெக்டர் எங்கே என்று கேட்பீர்கள். ஆடிப்பெருக்கு சமயம், ஒகேனக்கல் பந்தோபஸ்தில் இருந்தார். வந்தவர் ஒரு எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர். இடத்தைப் பார்த்தார், பார்வை மகஜர் (இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு) எழுதினார், மாதிரி வரைபடம் போட்டார். முறிந்த கொம்பைத் தேடினார். அதைப் பாட்டி அடுப்பில் வைத்துவிட்டிருந்தது. ஸ்டேஷனில் ரைட்டர்தான் எல்லாம். எந்த வார்த்தை எந்த செக்‌ஷனுக்குப் பொருந்தும் என்று அவருக்குக் கை தானாகப் போகும். 'ஆபாச வார்த்தைகளால் திட்டி' என்றால் 296(பி), 'கையால் அடித்து' என்றால் 115(2), ஆயுதம் வந்தால் 118(1), 'உயிரோடு விடமாட்டேன்' என்றால் 351(3). எல்லாம் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதை நம்பர்கள். உங்கள் கதை அதற்கு முந்தி நடந்தால் பழைய ஐ.பி.சி. நம்பர்கள்தான். கொலை என்றால் அன்றைக்கு 302, இன்றைக்கு 103. கதை நடக்கும் வருஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே குத்தில் வில்லனின் பல் உதிர்ந்தால் அது கொடுங்காயம், 117(2), ஏழு வருஷம் வரை போகலாம். உங்கள் நாயகனே உள்ளே போய்விடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஏட்டுதான் நாயகன், சண்டை மொத்தம் ஐந்து வரி, மீதி முழுக்க அந்த மூன்று கேள்வி. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். 'நன்றாக இருக்கிறது, ஆனால் ஆக்‌ஷன் போதவில்லை, தருமபுரி என்றால் காடு வருமே, வீரப்பன் மாதிரி ஏதாவது சேர்க்க முடியுமா' என்று பதில் வந்தது. வீரப்பன் 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டபோது பிறந்த பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். இன்னும் எங்களுக்கு அதே சட்டைதானா? நேரில் பேசிவிடலாம் என்று சென்னைக்குக் கிளம்பினேன். சென்னைக்கு ரயில் பிடிக்க மொரப்பூர் போக வேண்டும். மொரப்பூரில் இருந்து தருமபுரிக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில் ஓடியது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நிறுத்தினார்கள். திரும்பப் போடுகிறோம் என்று 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். நான் ராத்திரி கொசுக்கடியில் மொரப்பூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்த அடிக்கல்லை நினைத்துக்கொண்டேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் ஒரு மாவட்டத் தலைநகருக்கு இது நியாயமா? கதையில் காடு சேர்க்கவில்லை. வேறொரு சிற்றிதழில் அப்படியே வந்தது.

விசாரணைக் காட்சிக்கு வருகிறேன். நாவல்களில் லாக்கப்பில் நாலு தட்டு தட்டினதும் குற்றவாளி எல்லாவற்றையும் கக்குவான், கதை முடியும். கோர்ட்டில் அந்த ஒப்புதலுக்கு மதிப்பே இல்லை. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு. அதில் தப்பிப்பது ஒரே ஒரு வாசல், பழைய 27-வது பிரிவு: அவன் சொன்னதால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். இப்போது இரண்டும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவுக்குள் வந்துவிட்டன. அதனால்தான் எல்லா வாக்குமூலத்திலும், 'என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள கத்தியை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்' என்று ஒரே வாசகம் வரும். சாட்சிக் கையெழுத்து பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். அந்த வி.ஏ.ஓ. பாத்திரத்தை யாராவது ஒழுங்காக எழுதுங்களேன்! பட்டா மாறுதலுக்கு வந்த கூட்டத்தை விட்டுவிட்டு முள் புதருக்குள் கத்தி எடுப்பதைப் பார்க்கப் போகிறார். நாலு வருஷம் கழித்து வேறு ஊருக்கு மாற்றலாகி இருக்கும்போது சம்மன் வருகிறது. புதர் ரோட்டுக்குக் கிழக்கா மேற்கா என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைகிறார். அவருக்கு அந்த ரோடே ஞாபகம் இல்லை. ஒரு கொலைக் கேஸ் அங்கே உடையும். துப்பாக்கி எதுவும் வேண்டாம்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் கணக்கில் வராது. அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. கொலைக் கேஸ் என்றால் எங்கள் ஊரிலிருந்து சேலம் மத்திய சிறைக்கு ராத்திரியில் கூட்டிப் போவார்கள். ஸ்டேஷனில் சி.சி.டி.வி. இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. உங்கள் லாக்கப் காட்சியில் கேமரா எங்கே இருக்கிறது, அது அன்றைக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று யாராவது ஒரு பாத்திரமாவது கேட்க வேண்டும்.

'போலீஸுக்கு வக்காலத்து வாங்குகிறாயா' என்று ஒருவர் வருவார், தெரியும். ஐயா, நான் வேலை பார்ப்பது தருமபுரியில். வாச்சாத்தி பழங்குடிக் கிராமத்தில் 1992-ல் நடந்த கொடுமைக்கு, வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் 269 பேரைக் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்புச் சொன்னது இதே தருமபுரி கோர்ட். அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காக்கி எல்லாம் தெய்வம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எல்லாம் பிசாசு என்றும் சொல்ல மாட்டேன். நான் பார்த்த பெரும்பாலான ஏட்டுகளுக்கு முதுகுவலி, தூக்கம் கிடையாது, பையனுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். இதை எழுதினால் போதும்.

ஆராய்ச்சி எங்கே செய்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். போலீஸ் நண்பரைப் பிடிக்க அலைய வேண்டாம், அவர் தன் வீரக் கதையைத்தான் சொல்வார். இ-கோர்ட்ஸ் தளத்தில் செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சி வாரியாக யார் என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் எங்கே தடுமாறினார் என்று எல்லாம் அதில் இருக்கும். முக்கியமாக விடுதலைத் தீர்ப்புகளைப் படியுங்கள், போலீஸ் வேலை எங்கெங்கே ஓட்டையானது என்று நீதிபதியே வரிசையாக எழுதியிருப்பார். முடிந்தால் ஒரு நாள் எங்கள் கோர்ட்டுக்கு வந்து பின் பெஞ்சில் உட்காருங்கள், பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள். செல்போனை சைலன்டில் போடுங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்கு எனக்கு காப்பி அப்ளிகேஷன் வேலை கழுத்து வரைக்கும் இருக்கும், டீ வாங்கித் தரக்கூட நேரம் இருக்காது.