புகையிலை நீலப் பூஞ்சாணம்: காற்றோடு வரும் நோயை முன்கூட்டியே சொல்வது எப்படி?

வட அமெரிக்கப் புகையிலையைத் தாக்கும் நீலப் பூஞ்சாணம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். நோய் முன்னறிவிப்பு என் துறை. மருந்துக் கடை என் துறை இல்லை.

கேள்வி (கோவை மாணவி): எங்கோ இருக்கும் நோய் நாளை நம் வயலுக்கு வருமா என்று எப்படிக் கணிக்கிறார்கள் ஐயா?

நல்ல கேள்வி. நோய் கண்ட இலையை விடிகாலையில் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் வட்டம், அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படலம். அது முழுக்க நோயைப் பரப்பும் பூஞ்சாண வித்துகள். ஈரமான, குளிர்ந்த இரவில் உண்டாகி, வெயில் ஏறி ஈரப்பதம் குறையும்போது உதிர்ந்து காற்றில் ஏறும்.

வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் 1990-களில் இதை வைத்துத்தான் முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கியது. மாசும் புகையும் காற்றில் எங்கே போகும் என்று கணக்கிட அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா வைத்திருந்த ஹைஸ்பிளிட் என்ற கணினி மாதிரியில், நோய் கண்ட வயலைப் புறப்படும் இடமாகக் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு நாளில் காற்று போகும் பாதை கிடைக்கும். அந்தப் பாதையில் வானம் தெளிவாக இருந்தால் புற ஊதாக் கதிரிலேயே பெரும்பாலான வித்துகள் செத்துவிடும். மேகமூட்டம் என்றால் பிழைக்கும். போய்ச் சேரும் இடத்தில் மழை இருந்தால் இறங்கிவிடும், இலை ஈரமாக இருந்தால் முளைக்கும். இத்தனையும் ஒன்றுகூடினால்தான் ஆபத்து அதிகம் என்று சொல்வார்கள். காற்றை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை.

கேள்வி (சென்னை): கணிப்பு எந்த அளவுக்குப் பலிக்கும்?

நோய் இருக்கும் வயலை யாராவது சொன்னால்தான் பலிக்கும். தன் வயலில் நோய் என்று வெளியே சொல்ல விவசாயி கூச்சப்படுவார். டெக்சாஸில் காட்டுப் புகையிலையிலும் இந்த நோய் உண்டு, அதை யார் போய்ப் பார்ப்பது? புறப்பட்ட இடம் தெரியாவிட்டால் எந்தக் கணினியாலும் பாதை போட முடியாது.

கேள்வி (திருச்சி): செல்போன் வானிலைச் செயலி போதாதா?

போதாது. அதற்கு வித்து எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கேள்வி (வேடசந்தூர்): எங்கள் நாற்றங்காலில் நாற்று அடியில் அழுகிச் சாய்கிறது. எந்தக் காற்றில் வந்தது?

காற்றில் வரவில்லை அண்ணே. நீங்கள் சொல்வது நாற்றழுகல் போலத் தெரிகிறது. அது மண்ணிலும் தேங்கும் தண்ணீரிலும் இருப்பது. மேட்டுப்பாத்தி போடுங்கள், நெருக்கி விதைக்காதீர்கள். உங்கள் ஊரிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, ஒரு நாற்றைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி (மதுரை): நீலப் பூஞ்சாணத்துக்கு என்ன மருந்து?

மெட்டலாக்சில் ஒரு காலத்தில் நன்றாகக் கேட்டது. பிறகு அதற்கு அசையாத பூஞ்சாண வகைகள் பரவிவிட்டன. மேற்கொண்டு மருந்துக் கேள்வி வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): கியூபாவில் 1979-80-இல் புகையிலை அழிந்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ வேலைதானே?

வந்துவிட்டதா! அந்தப் பருவத்தில் கியூபாவின் விளைச்சலில் பெரும்பகுதி போனது உண்மை. அந்தக் காலத்தில் நாட்டைத் தாக்கிய கொள்ளைநோய்கள் சிஐஏ வேலையோ என்று 1981-இல் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவே சந்தேகம் கிளப்பினார். ஆனால் 1979 கோடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே நோய் இருபது கோடி டாலருக்கு மேல் தின்றிருந்தது. தன் பயிருக்கே திரும்பி வரக்கூடியதை ஆயுதமாக எடுப்பது எனக்கு நம்பும்படி இல்லை.

அவரே: நழுவுகிறீர்கள். 1958-இல் இங்கிலாந்துக்கு இதைக் கொண்டுவந்தது ஆராய்ச்சியாளர்கள்தானே? மனிதர் கொண்டுவர முடியும் என்று ஆகிறதே!

கொண்டுவந்தார்கள், சோதனைக்காக. அது தப்பி, மூன்று நான்கு ஆண்டுக்குள் ஐரோப்பாவில் பெரும்பகுதிக்குப் பரவியது. அஜாக்கிரதைக்கு அது சாட்சி, சதிக்கு இல்லை.

கேள்வி (ஈரோடு): பழைய வானிலைப் பதிவை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் குட்டு வெளிப்படாதா?

காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று வரையலாம். யாராவது அனுப்பினாரா என்பது அந்தக் கோட்டில் இருக்காது. சந்தேகத்துக்கு ஆள் தேடுபவர்கள் லாரியைப் பாருங்கள்: நோய் பிடித்த நாற்றை ஒரு மாநிலத்தில் வாங்கி இன்னொரு மாநிலத்தில் நடுவார்கள். ஒரே இரவில் காற்றை முந்திவிடும். அதையும் எவரும் சொல்வதில்லை, அதனால் கணிப்பிலும் வராது.

கேள்வி (சேலம்): ஐயா, மருந்து என்ன?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): பாகல், வெள்ளரியில் வரும் அடிச்சாம்பலுக்கு இப்படிக் கணிக்க முடியுமா?

முடியும். நீலப் பூஞ்சாணத்துக்கு அது நெருங்கிய உறவு. அமெரிக்காவில் இதே முறையை வெள்ளரிக் குடும்பத்து அடிச்சாம்பலுக்கும் கொண்டுவந்தார்கள். இலையின் அடியில் சாம்பல் படிந்த முதல் நாளையும் ஊரையும் குறித்து வையுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் குறித்துத் தந்தால் பாதை போட்டுப் பார்க்கலாம்.