எஸ்பெராண்டோவில் ஒளிந்திருக்கும் யிட்டிஷ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செல்போன் செயலி ஒன்றில் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைப் படிக்கிறேன். லத்தீன் மொழிகளைச் சுருக்கிச் செய்தது என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். பாடத்தில் வருவதோ நாய்க்கு ‘ஹுண்டோ’, பகலுக்கு ‘டாகோ’, குடிப்பதற்கு ‘ட்ரிங்கி’. ஜெர்மன் தெரிந்த நண்பன் சிரிக்கிறான். அதை உருவாக்கிய ஸாமன்ஹோஃப் ஏன் இப்படிக் கலந்தார்?

ர.

அன்புள்ள ர.,

நண்பர் சிரிப்பதில் நியாயம் உண்டு. அகராதி முழுவதையும் எடுத்துக்கொண்டால் லத்தீன் வழிச் சொற்களே மிகுதி. ஆனால் ஆண்டு, மாதம், முடி, தோல், மீன், கப்பல், நன்றி, உதவி என்று தினமும் வாயில் புழங்குபவற்றில் ஜெர்மானிய வேர்கள் நிறைய. விகுதிகூட உண்டு. தந்தையைக் குறிக்கும் ‘பாட்ரோ’ லத்தீன். அதைத் தாயாக்கும் ‘பாட்ரினோ’வில் உள்ள ‘இன்’ ஜெர்மன் பெண்பால் விகுதி.

ஸாமன்ஹோஃப் 1859இல் ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டோக்கில் பிறந்தவர். போலியரும் ரஷ்யரும் ஜெர்மானியரும் யூதரும் சேர்ந்து வாழ்ந்த ஊர். அப்பா ஜெர்மனும் பிரெஞ்சும் கற்பித்த ஆசிரியர். ஐரோப்பாவில் பலருக்கும் பழகிய வேர்களைத் தேடியவருக்கு ஜெர்மனை ஒதுக்க வழியில்லை. ஆங்கிலத்தையும் தொட்டார், ஆனால் ஒரே முறையில் அல்ல. பறவைக்கு ‘பிர்டோ’ என்றது எழுத்தைப் பார்த்து. நெருப்புக்கு ‘ஃபாய்ரோ’ என்றது உச்சரிப்பைக் கேட்டு.

எனக்குச் சுவாரசியமானது வேறொன்று. ஜெர்மனில் இல்லம் ‘ஹைம்’, சீட்டியடிப்பது ‘ப்ஃபைஃபன்’. இரண்டிலும் வரும் ‘ஐ’ ஒரே ஒலி, ஒரே எழுத்துகள். எஸ்பெராண்டோவில் ஒன்று ‘ஹேய்மோ’, மற்றது ‘ஃபாய்ஃபி’. சூடேற்றுவது ‘ஹேய்ட்டி’, அரத்தால் தேய்ப்பது ‘ஃபாய்லி’. இங்கும் ஜெர்மனில் ஒன்றாக ஒலிப்பது இரண்டாகப் பிரிகிறது. இதே பிரிவு அப்படியே யிட்டிஷில் இருக்கிறது: ஹேய்ம், ஃபாய்ஃப்ன். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் எபிரேய எழுத்தில் எழுதிய ஜெர்மானிய மொழி அது. படித்த யூதர்களே அதை ‘ஜார்கன்’, அதாவது கொச்சை, என்று இளக்காரமாகச் சொன்ன காலம். ஸாமன்ஹோஃபோ மாணவராக இருந்தபோதே அதற்கு இலக்கணம் எழுதியவர். பொதுவாக ஜெர்மன் என்று பதியப்படும் இந்தச் சொற்கள் அவர் காதுக்குள் யிட்டிஷாக ஒலித்தன என்றே நினைக்கிறேன்.

‘டாகோ’ அப்படியல்ல, யிட்டிஷில் அது ‘டோக்’. அங்கே அவர் கை வைத்தது ஜெர்மனில்தான். ஆகவே எல்லாவற்றையும் யிட்டிஷ் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: ‘ப்ஃபைஃபன்’ என்பதன் முதலில் நிற்கும் ‘ப்’ எஸ்பெராண்டோவுக்கு வரும்போது எங்கே போயிற்று? யிட்டிஷில் அந்த ‘ப்’ கிடையாது.