நெடுவரிசையைத் தொடாமல் கேளுங்கள்: மியூனிக்குக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூரிலிருந்து மியூனிக் வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், பார்சல் நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு நீங்கள் எழுதும் குவரிகள் (தரவைக் கேட்கும் கட்டளைகள்) சக ஊழியர் சரிபார்க்கும் ரிவ்யூவில் "மெதுவாக ஓடுகிறது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகின்றன என்றும், ஆறு மாத ப்ரோபெட்ஸைட் (தகுதிகாண் காலம்) முடிவதற்குள் வேலை போய்விடுமோ என்ற கவலையில் தூக்கமே வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஊரில் ஆறு வருடம் இதே வேலையைக் குறை சொல்ல இடமில்லாமல் செய்த தனக்கு இங்கே மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்பது உங்கள் கேள்வி. அக்கா என்று அழைத்துக் கேட்டிருக்கிறீர்கள்; நானும் 2008-இல் இதே ஊருக்கு வந்து, இன்றுவரை போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடும் தரவுத்தளங்களை வைத்தே பிழைப்பவள் என்பதால், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒற்றை வரியைப் பற்றி. குறையைச் சொல்லும்போது முன்னும் பின்னும் ஆறுதல் சேர்த்து எழுதும் பழக்கம் நான் வேலை செய்த இடங்களில் குறைவாகவே இருந்தது. அதைக் கோபமாக எடுத்துக்கொண்டு நான் என் முதல் வருடத்தில் பல இரவுகளை வீணாக்கினேன். "மெதுவாக ஓடுகிறது" என்றால் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ரிவ்யூ செய்தவரிடமே போய்க் கேட்டால் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்குவார்.

இனி உங்கள் குவரி. மியூனிக் நகரத்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் அனுப்பப்பட்ட பார்சல்களைக் கேட்கிறீர்கள். அதில் இரண்டு வடிகட்டிகள் இருக்கின்றன: அஞ்சல் எண்ணை முழு எண்ணாக மாற்றி அது 80331-க்கும் 81929-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, அனுப்பிய நேரத்திலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுத்து, அது நீங்கள் கொடுத்த தேதிதானா என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டு நெடுவரிசைகளுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) இருந்தும் ஒன்றுகூடப் பயன்படவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பயன்படாததற்குக் காரணம், இரண்டு இடத்திலும் நீங்கள் நெடுவரிசையின் மேல் கை வைத்துவிட்டீர்கள், அதாவது அதன் மதிப்பை மாற்றிய பிறகே ஒப்பிடுகிறீர்கள்.

பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது மதிப்புகளை உள்ளது உள்ளபடி வரிசைப்படுத்தி அடுக்கிய கட்டமைப்பு. (எட்வர்ட் மெக்கிரைட்டுடன் சேர்ந்து இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் பேயர் உங்கள் ஊர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியராக இருந்தார், அந்தக் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.) அஞ்சல் எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் இண்டெக்ஸும் எழுத்து வரிசையில்தான் இருக்கும். அதை எண்ணாக மாற்றியபின் என்ன வரிசை வரும் என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பதிவையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டு, வேண்டாததைத் தள்ளிவிடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

அஞ்சல் எண்ணை எண்ணாக நினைக்கும் பழக்கம் நாம் ஊரிலிருந்து கொண்டு வந்தது. இந்தியப் பின்கோடு ஆறு இலக்கம், பூச்சியத்தில் தொடங்காது, எண்ணாகவே சேமித்தாலும் ஒன்றும் கெடாது. இங்கே டிரெஸ்டனின் பழைய நகரப் பகுதி 01067. அதை எண்ணாக்கினால் முன்னிருக்கும் பூச்சியம் போய் நான்கு இலக்கமாகிவிடும். அதனால்தான் இங்கே அதை எழுத்தாக வைக்கிறார்கள். எல்லா எண்களும் சரியாக ஐந்து இலக்கம் என்பதால் எழுத்தாகவே ஒப்பிட்டாலும் வரிசை மாறாது. மாற்றும் சொல்லை நீக்கிவிட்டு, இரண்டு எல்லைகளையும் மேற்கோள்குறிக்குள் எழுத்தாகக் கொடுங்கள். அந்த வடிகட்டி சரியாகிவிடும்.

தேதி இன்னும் நுட்பமானது, நான் அடி வாங்கியதும் அங்கேதான். தேதியைப் பிரித்தெடுக்கும் அந்தச் செயல்கூறுக்கே ஒரு இண்டெக்ஸ் போட்டுவிடலாம் என்று தோன்றும். நேர மண்டலத்தோடு சேமித்த நெடுவரிசையில் போஸ்ட்கிரெஸ் அதை அனுமதிக்காது, ஏனென்றால் அதே நொடி சென்னையில் ஒரு தேதியாகவும் பெர்லினில் வேறொரு தேதியாகவும் இருக்கக்கூடும். இடத்துக்கு இடம் மாறும் விடையை இண்டெக்ஸில் நிரந்தரமாக எழுதி வைக்க முடியாது. ஆகவே நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டு, கணக்கை மறுபக்கத்துக்குக் கொண்டு போங்கள்: அன்றைய நள்ளிரவுக்குக் குறையாமலும், மறுநாள் நள்ளிரவுக்கு முன்பாகவும் என்று இரண்டு எல்லைகள் கொடுங்கள். இரண்டு எல்லைகளையும் உள்ளடக்கும் பிட்வீன் என்ற சொல்லை எழுதாதீர்கள், அது மறுநாளின் முதல் நொடியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முடிவெல்லையைக் கண்டுபிடிக்க நான் தொடக்கத்தோடு 24 மணி நேரம் கூட்டினேன். நம் ஊரில் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுவதில்லை, நாள் என்றால் 24 மணி நேரம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு 23 மணி நேரம்தான் இருந்தது. திங்கட்கிழமை அதிகாலையின் ஒரு மணி நேரத்துப் பதிவுகள் இரண்டு நாள் அறிக்கையிலும் விழுந்தன, கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் என் மேசைக்கே வந்து நின்றார். கடிகாரத்தைப் பின்னே தள்ளும் அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்திருந்தால் ஒரு மணி நேரப் பதிவுகள் எந்த அறிக்கையிலும் வராமல் காணாமலே போயிருக்கும். 2025 மார்ச் 30-ஆம் தேதியை எடுத்துக்கொண்டால், அது உலகப் பொது நேரப்படி 29-ஆம் தேதி 23 மணிக்குத் தொடங்கி 30-ஆம் தேதி 22 மணிக்கு முடிகிறது. இரண்டு நள்ளிரவுகளையும் பெர்லின் மண்டலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினாலும் விடை பிசகாது, இண்டெக்ஸும் வேலை செய்யும்.

பெயர்த் தேடலிலும் இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மன் மொழி வரிசையில் அமைத்த தரவுத்தளத்தில், "இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்" என்ற லைக் வடிகட்டிக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. எழுத்து வடிவ ஒப்பீட்டுக்கென்று உள்ள ஆபரேட்டர் கிளாஸை (இண்டெக்ஸ் மதிப்புகளை எப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) குறிப்பிட்டு இண்டெக்ஸை உருவாக்க வேண்டும். பெயரின் நடுவில் உள்ள துண்டைத் தேடுவதென்றால் அதுவும் போதாது, மும்மூன்று எழுத்தாகப் பிரித்து வைக்கும் டிரைகிராம் இண்டெக்ஸ் வேண்டும்.

உங்கள் கணினியில் வேகமாக ஓடியது நிறுவனத்தின் உண்மைத் தரவுத்தளத்தில் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் உண்மைத் தரவை அப்படியே நகலெடுத்துச் சோதனைக்கு வைத்துக்கொள்ள இங்கே விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் உங்கள் சோதனை டேபிளில் சில நூறு பதிவுகளே இருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவை 8 கிலோபைட் பக்கங்களாக வைத்திருக்கிறது. நாலைந்து பக்கமே உள்ள டேபிளை முழுவதும் படிப்பதுதான் மலிவு என்பதால், இண்டெக்ஸ் இருந்தாலும் அதைத் தொடாது. அங்கே எந்தக் குவரியும் நல்ல குவரியாகத்தான் தெரியும். ஜெனரேட் சீரிஸ் என்ற செயல்கூறைக் கொண்டு ஐம்பது லட்சம் பொய்ப் பதிவுகளை நீங்களே உருவாக்குங்கள். எல்லா மதிப்புகளையும் சமமாகப் பரப்பிவிடாதீர்கள். உண்மை டேபிளில் பெரும்பாலான பார்சல்கள் சேர்ந்து முடிந்தவையாகவும் மிகச் சிலவே வழியில் உள்ளவையாகவும் இருக்கும். அந்தச் சாய்வு உங்கள் டேபிளிலும் இருக்க வேண்டும். நிரப்பியதும், புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், இல்லையென்றால் பழைய புள்ளிவிவரத்தை வைத்துத் தவறான வழியைத் தேர்ந்தெடுக்கும்.

அதன்பின் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டு, குவரி எந்த வழியில் ஓடியது என்று காட்டும் திட்டத்தைப் படியுங்கள். நான் முதலில் பார்ப்பது, வடிகட்டியில் தள்ளப்பட்ட பதிவுகள் எத்தனை என்று சொல்லும் வரியை. நாற்பது பதிவுக்காக ஐம்பது லட்சத்தைப் படித்துத் தள்ளியிருந்தால் சிக்கல் அங்கேயே இருக்கிறது. அடுத்து, எதிர்பார்த்த பதிவுகளின் எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்பேன். இந்தக் கட்டளை குவரியை உண்மையாகவே ஓட்டும் என்பதை மறக்க வேண்டாம். அப்டேட்டையோ டிலீட்டையோ சோதிக்கும்போது டிரான்ஸாக்ஷன் தொடங்கி, முடிந்ததும் மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக் செய்துவிடுங்கள்.

ஐந்நூறாவது பக்கத்தை, இத்தனை பதிவுகளைத் தாண்டு என்று சொல்லும் ஆஃப்செட் போட்டுக் கேட்கும் உங்கள் இன்னொரு குவரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னுள்ள அத்தனை பதிவுகளையும் படித்துவிட்டுத்தான் அது தள்ளுகிறது. கடைசியாகப் பார்த்த பதிவின் நேரத்தையும் அடையாள எண்ணையும் கொடுத்து, அதற்கு அடுத்தவற்றைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை, இரண்டு வடிகட்டிகளையும் மாற்றி எழுதிய குவரியை, பழைய திட்டமும் புதிய திட்டமும் அருகருகே இருக்குமாறு ரிவ்யூவுக்கு அனுப்புங்கள். நகர எல்லையையும் நாளையும் சேர்த்தே எப்போதும் கேட்பீர்கள் என்றால், இரண்டு நெடுவரிசைக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் வேண்டுமா, எது முன்னால் வர வேண்டும் என்பதை அவரிடம் கேளுங்கள். இரண்டுமே எல்லை வடிகட்டிகள் என்பதால் எது குறைவான பதிவுகளைத் தருகிறதோ அது முன்னால் இருப்பது நல்லது, உங்கள் விஷயத்தில் அது தேதியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இதற்குப் பிறகும் இண்டெக்ஸைத் தொடவில்லை என்றால், நிரலிலிருந்து போகும் மதிப்பின் வகையைப் பாருங்கள். முழு எண் நெடுவரிசையைத் தசம மதிப்போடு ஒப்பிட்டால் போஸ்ட்கிரெஸ் நெடுவரிசையைத்தான் மாற்றிப் பார்க்கும், குவரியில் நீங்கள் எழுதாமலேயே அதன் மேல் கை வைத்ததாகிவிடும். அந்தத் திட்டத்தை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.